உட்பக்கத்துப் பேடு

டிரைவரக்காவின் வலது காலுக்குத் தெரிந்த ஒரு விஷயம் அந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதைவிட, தெரிந்துகொள்ள யாருக்கும் மனசில்லை என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த வாரம் அது. திங்கட்கிழமை சாயங்காலம், மேட்டுக் குடியிருப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நாலு பேரை இறக்கிவிட்டு, மிச்சம் ஐந்து பேரோடு வேன் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. சரிவு முடிகிற இடத்தில், ஆட்கள் சாலையைக் கடக்க வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். குடை பிடித்த ஒரு மனிதர் அதில் கால் வைத்தார். டிரைவரக்கா எப்போதும் மிதிக்கிற இடத்தில்தான் பிரேக்கை மிதித்தாள். மிதி வழக்கத்தைவிட ஒரு விரல்கடை கீழே போனது. ஸ்டீயரிங் அவள் கையை வலப்பக்கம் இழுத்தது. இடது முன்சக்கரத்துப் பக்கமிருந்து, அடிப்பிடித்த பாத்திரத்தைக் கரண்டியால் சுரண்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. வேன் நின்றது. ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கவில்லை. கோட்டின் மேல் ஏறி, அந்த மனிதரின் குடை நுனி முன்கண்ணாடியைத் தொடுகிற தூரத்தில் நின்றது.

“பிள்ளைங்களை வச்சுக்கிட்டு இப்படியா ஓட்டுவே?” என்று அவர் கத்தினார்.

மற்ற நாளாக இருந்தால் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்திருப்பாள். டிரைவரக்காவின் வாய்க்கு அந்தச் சாலையில் லாரிக்காரர்களே ஒதுங்கிப் போவார்கள். அன்றைக்கு, “தப்புதாங்க, மன்னிச்சுக்குங்க” என்றாள். அவர் போன பிறகும் கியரைப் போடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பின்னால் இரண்டு வண்டிகள் ஹாரன் அடித்தன.

முன் சீட்டில் இருந்த குட்டி, “சித்தி, நீங்க எப்பவும் கோட்டுக்கு இந்தப் பக்கம்தானே நிப்பீங்க?” என்று கேட்டது.

“ஆமா குட்டி. எப்பவும் இந்தப் பக்கம்தான் நிப்பேன்.”

“இன்னைக்கு ஏன் தாண்டிட்டீங்க?”

ஏழு வயசுப் பிள்ளைக்குப் புரிந்தது பெரியவர்களுக்குப் புரியப் போகிறதா என்ற கவலையோடுதான் அன்றைக்கு அவள் வீட்டுக்கு வண்டியை விட்டாள். முதல் கியரிலேயே விட்டாள். சைக்கிள்காரன் ஒருவன் முந்திக்கொண்டு போனான்.

வீடு என்றால் ஒரே வீடுதான், அடுப்புதான் இரண்டு. மாடியில் பெரியவரும் அவர் மனைவியும் மகள் குட்டியும். கீழே இரண்டு அறைகளில் பெரியவரின் தம்பியும் டிரைவரக்காவும். முன்னால் தகரக் கூரை போட்ட இடத்தில் வேன். அந்த வேன்தான் இரண்டு அடுப்பையும் எரிய வைத்தது. தம்பிக்காரன் தெருக்கோடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக். அங்கே வருகிற சம்பளம் மாசத்தின் முதல் பாதியைத் தாண்டாது. பெரியவர் பதினாறு வருஷமாக வேன் வைத்திருப்பவர்; முதல் பன்னிரண்டு வருஷம் தானே ஓட்டினார். அவருடைய முட்டி தேய்ந்து போய், கிளட்சை மிதித்தால் உயிர் போகிறது என்ற நிலை வந்தபோது, வெளியாளைப் போடாமல் தம்பி மனைவியை ஓட்டச் சொன்னார். லைசென்ஸ் எடுக்கத் தானே கூட்டிப் போனார். அந்த வகையில் நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்களிடம் எதிர்த்துப் பேசுவதுதான் ரொம்பக் கஷ்டம்.

டிரைவரக்காவுக்குக் குழந்தை கிடையாது. அதைப் பற்றி இழுத்து இழுத்துக் கேட்பவர்களிடம் வேனைக் காட்டி, “காலையில ஒம்போது பிள்ளைங்க, சாயங்காலம் ஒம்போது. இதுக்கு மேல எங்க உக்கார வைக்கிறது?” என்பாள். கேட்டவர் அதோடு வாயை மூடிக்கொள்வார்.

பெரியவருக்கு ஒரு கணக்கு உண்டு. வேனில் மாற்ற வேண்டியது எதுவானாலும் வருஷத்துக்கு ஒருமுறை, பள்ளிக்கூடத்துப் பெரிய லீவில்தான் மாற்றுவார். டயர், பெல்ட், பிரேக் பேடு எல்லாம் ஒரே வாரத்தில் நடக்கும். தேதி போட்டு நோட்டில் எழுதி வைப்பார். பதினாறு வருஷம் அந்தக் கணக்குப் பொய்த்ததில்லை. இந்த வருஷம்தான் மேட்டுக் குடியிருப்பு புதிதாகச் சேர்ந்தது. அதற்கு முன்னால் வேன் ஓடியதெல்லாம் சமதரை. இப்போது தினமும் இரண்டு தடவை ஏற்றம், இரண்டு தடவை இறக்கம், இறக்கத்தில் நாலு நிறுத்தம். பிரேக் மாங்கு மாங்கென்று வேலை செய்தது. நோட்டுக்கு அது தெரியாது.

அன்று சாயங்காலம் பெரியவர் கூரைக்குக் கீழே நாற்காலி போட்டு, முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தார். மெக்கானிக் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, வாளித் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டிருந்தான். டிரைவரக்கா வண்டியை நிறுத்திவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

“மாமா, பிரேக் சரியில்ல. இன்னைக்குக் கோட்டைத் தாண்டிடுச்சு. ஒரு ஆள் மயிரிழையில தப்பிச்சாரு.”

“மழைம்மா. ரோடு வழுக்கும்.”

“வழுக்கல மாமா. வழுக்குறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். மிதி கீழ போகுது. வலது பக்கம் இழுக்குது. உள்ள இரும்பு இரும்போட உரசுற சத்தம் கேக்குது.”

“பிரேக் ஆயில் ஊத்தினியா?”

“போன வாரம் ஊத்தினேன், அதுக்கு முந்தின வாரமும் ஊத்தினேன். ஒழுகவே இல்ல, அப்புறம் ஏன் குறையுது? பேடு தேஞ்சாத்தானே ஆயில் கீழ இறங்கும்? ஆனா ஒண்ணுதான் எனக்குப் புரியல. புதுப் பேடு போட்டு மூணு வாரம்கூட ஆகலையே!”

பெரியவர் தைலத்தை மூடினார். “புதுப் பேடா? யாரு போட்டா?”

டிரைவரக்கா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கையில் சோப்பு நுரை போன பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால், பிரேக் மிதிக்கும்போதெல்லாம் வேன் கீச்சென்று கத்த ஆரம்பித்திருந்தது. காலையில் ஏழு மணிக்கு அந்தச் சத்தம் கேட்டுக் கைக்குழந்தை விழித்துக்கொள்கிறது என்று மேட்டுக் குடியிருப்பில் ஓரிருவர் பெரியவருக்குப் போன் செய்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி ஏதோ செய்தான். திங்கட்கிழமையிலிருந்து சத்தம் இல்லை. பேடை மாற்றிவிட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். “எங்க வீட்டுக்காரர் கை வச்சா வண்டி வாயே திறக்காது” என்று பிள்ளைகளின் அம்மாமார்களிடம் பீற்றிக்கொள்ளவும் செய்தாள்.

“கிளீன் பண்ணினேன்” என்றான் மெக்கானிக், வாளியைப் பார்த்தபடி. “தூசி இருந்துச்சு. அதான் கத்திச்சு.”

“லீவுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கும்மா” என்று பெரியவர் நோட்டைப் புரட்டாமலே சொன்னார். சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, போனில் விளக்கைப் போட்டு, சக்கரத்தின் இடைவெளி வழியாக உள்ளே அடித்தார். “வா, நீயே பாரு. தெரியுதா? எவ்வளவு இருக்கு?”

அவள் குனிந்து பார்த்தாள். சக்கரத்தோடு சுற்றுகிற இரும்பு வட்டான டிஸ்க்கை ஒட்டி, அதை அழுத்தி நிறுத்துகிற பேடு கறுப்பாகத் தெரிந்தது. பாதிக்குக் குறையாமல் இருந்தது.

“பாதி இருக்கு” என்றாள்.

“அப்புறம் என்ன? ரெண்டு மாசம் இல்ல, நாலு மாசம் ஓடும். இன்னைக்கு ஏதோ பயந்துட்ட. போய் டீயைக் குடி.”

அவ்வளவுதான், பஞ்சாயத்து முடிந்தது. கண்ணால் பார்த்ததை இல்லை என்று எப்படிச் சொல்வது? அவளுக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. வலது பாதத்தைத் தரையில் ஊன்றி ஊன்றிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள்.

சோறும் முட்டையும்தான் அன்றைக்கு. மெக்கானிக் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சோற்றைச் சின்னச் சின்னக் குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தான். மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியில் ஒன்றைப் பேசும்போது அவன் அப்படித்தான் செய்வான். பதினொரு வருஷமாக இந்தக் குவியல்களை அவள் பார்த்து வருகிறாள்.

“நீங்க அன்னைக்குச் சக்கரத்தைக் கழட்டினீங்களே, உள்ள பேடு எப்படி இருந்துச்சு?”

“அதான் அண்ணன் பார்த்துட்டாரே.”

“அவரு இன்னைக்குப் பார்த்தாரு. நான் உங்களைக் கேக்குறேன்.”

“இருந்துச்சு.”

“எவ்வளவு?”

“இருந்துச்சுன்னா இருந்துச்சு. சாப்பிடும்போது அளவு கேட்டா எப்படி?”

“நாளைக்கு ஒரு தடவை கழட்டிப் பாருங்களேன். பத்து நிமிஷ வேலை.”

“காலையில எனக்கு ஒரு இன்ஜின் இறக்குற வேலை இருக்கு. அண்ணன் பார்த்துச் சொன்னதுக்கு அப்புறம் நான் போய்க் கழட்டினா அவரு என்ன நினைப்பாரு?”

இதுதான் அவனுடைய முழு வரலாறு. அப்பா போன பிறகு அண்ணன்தான் வளர்த்தார், அண்ணன்தான் தொழிலில் சேர்த்துவிட்டார். ஒர்க்‌ஷாப்பில் முதலாளியையே “இந்த வண்டிய இப்படி வெளிய விடாதீங்க” என்று தடுக்கிறவன், வீட்டு வாசலில் வந்ததும் ஊமையாகிவிடுவான். அவள் தன் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள். மனசு சரியில்லை என்பதற்காகச் சாப்பாட்டை ஒதுக்குகிற ஆள் இல்லை அவள்.

படுத்தவளுக்கு மழைச் சத்தத்தோடு சேர்த்து ஒரு விஷயம் பிடிபட்டது. பேடு ஒன்று இல்லை, சக்கரத்துக்கு இரண்டு. டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்க வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. இடைவெளி வழியாகப் பார்த்தால் தெரிவது வெளிப்பக்கத்துப் பேடு. உட்பக்கத்துப் பேடை யார் பார்த்தார்கள்?

விடிந்தும் விடியாத நேரத்தில் எழுந்தாள். மழை நின்றிருந்தது, கூரையிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. பின்சக்கரங்களுக்குக் கல் வைத்தாள். ஸ்பேனரை நட்டில் மாட்டி, அதன் மேல் ஏறி நின்று உடம்பு எடையைப் போட்டாள். வேன் ஓட்ட ஆரம்பித்த நாலு வருஷத்தில் எத்தனையோ பஞ்சருக்குச் செய்த வேலைதான். ஜாக்கியைப் போட்டுத் தூக்கி, இடது முன்சக்கரத்தைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாள். ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக ஒடித்துத் திருப்பிவிட்டு, மண்டி போட்டு, போன் விளக்கை உட்பக்கமாக அடித்தாள்.

பேடு இல்லை.

தேய்ந்துபோன பேடு என்றுகூடச் சொல்ல முடியாது. அதை ஒட்டியிருந்த இரும்புத் தகடு மட்டும் இருந்தது. அந்த இரும்பு டிஸ்க்கை அறுத்துக்கொண்டிருந்தது. விரலை வைத்துத் தடவினாள். சீப்பால் இழுத்த மாதிரி வரிவரியாகப் பள்ளம். இரண்டு பேடையும் பிடித்திருக்கிற கவ்வியை அசைத்துப் பார்த்தாள். உள்ளே ஓடியாட வேண்டிய இரும்புப் பின் துருவேறி இறுகிக் கிடந்தது. அதனால்தான் வெளிப்பக்கத்துப் பேடு உட்கார்ந்து சாப்பிட, எல்லா வேலையையும் உட்பக்கத்துப் பேடே இழுத்துப் போட்டுச் செய்து செத்துப் போயிருந்தது.

பிறகுதான் இன்னொன்றைப் பார்த்தாள். பேடின் ஓரத்தில் நகத்தளவு தகடு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பேடு தேய்ந்து எல்லைக்கு வந்ததும் அது டிஸ்க்கில் உரசிக் கத்தும். மாற்று, மாற்று என்று சொல்வதற்காகவே வைத்திருக்கிற தகடு. அது இருந்த இடத்தில் ஒரு அடிக்கட்டை மட்டும் இருந்தது. உடைந்த விளிம்பு இல்லை. கட்டிங் பிளேயர் வைத்து ஒரே அழுத்தில் வெட்டிய சுத்தமான வெட்டு. அது யார் கை வேலை என்று அவளுக்குத் தெரியும்.

மெக்கானிக் வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தான். கழற்றிய சக்கரத்தையும் மண்டி போட்டிருந்தவளையும் பார்த்ததும் பிரஷ் அப்படியே நின்றது.

“தகட்டை வெட்டினது நீதானே?” என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் நீ என்று சொன்னதில்லை. இப்போது சொன்னதை இருவரும் கவனித்தார்கள். அவன் நுரையைத் துப்பிவிட்டு வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“அண்ணன் சத்தத்தை நிறுத்தச் சொன்னாரு.”

“சத்தத்தை நிறுத்தச் சொன்னாரு. சரி. தகடு இருக்கிறது உள் பேடுலதானே? வெட்டும்போது உள்ள பார்த்திருப்பியே.”

“பார்த்தேன்.”

“எவ்வளவு இருந்துச்சு?”

“நகத்தளவு.”

“நகத்தளவு இருந்தா உன் ஒர்க்‌ஷாப்புல என்ன செய்வே?”

அவன் பிரஷ்ஷைக் கையில் உருட்டினான்.

“சொல்லு. வேற யாரோ வண்டிய எடுத்துட்டு வந்திருந்தா?”

“மாத்தாம வண்டிய வெளிய விடமாட்டேன்.”

“அப்ப உன் பொண்டாட்டி ஓட்டுற வண்டின்னா மட்டும் விடலாமா? உன் அண்ணன் மகள் முன்னாடி உக்காந்து போற வண்டின்னா மட்டும் விடலாமா?”

“லீவு வரைக்கும் தாங்கும்னு நெனச்சேன். மாத்தணும்னா அண்ணன்கிட்ட கேக்கணும். அவரு நோட்டை எடுப்பாரு. அந்த இரும்புப் பின் இப்படி இறுகும்னு நான் நினைக்கல, சத்தியமா.”

“சத்தம் நின்னுபோச்சுன்னதும் நீ ரிப்பேர் பண்ணிட்டேன்னு நெனச்சேன். பெருமையா நாலு பேர்கிட்ட சொன்னேன். அந்தத் தகடு எனக்குத்தான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. அதோட வாயை நீ வெட்டிட்டே.” அழுதால் விஷயம் அழுகையோடு போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஸ்பேனரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

ஆறரை மணிக்குப் பெரியவர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். ஆறே முக்காலுக்கு வேன் கிளம்ப வேண்டும்.

“என்னம்மா இது, பஞ்சரா?”

“இல்ல மாமா. வந்து உள் பக்கம் பாருங்க.”

அவர் குனியவில்லை. “நேத்தே பார்த்தாச்சு. பாதி இருக்குன்னு நீயும்தானே சொன்னே?”

“அது வெளிப்பக்கம். உங்க முட்டி வெளிய பார்க்க நல்லாத்தானே மாமா இருந்துச்சு? எக்ஸ்ரே எடுத்தப்புறம்தானே உள்ள தேஞ்சது தெரிஞ்சுது? நல்லாத்தான் இருக்குன்னு அதுவரைக்கும் சொல்லிக்கிட்டிருந்த டாக்டரை நீங்க என்ன திட்டு திட்டினீங்க!”

பெரியவருக்கு முகம் ஒரு மாதிரி ஆனது. போன் விளக்கை அவள் உள்ளே அடித்துக் காட்ட, குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்கும் பதினாறு வருஷ அனுபவம். இரும்பு எது, பேடு எது என்று தெரியாதவர் இல்லை. தெரிந்தும் நிமிர்ந்தபோது வேறொன்றைச் சொன்னார்.

“சரி, மாத்திடலாம். ஆனா கடை ஒம்போது மணிக்குத்தான் திறப்பான். காலை டிரிப்பை மட்டும் மெதுவா ஓட்டிட்டு வந்துடு. சாயங்காலத்துக்குள்ள தம்பி மாத்திடுவான்.”

“முடியாது மாமா.”

“ஒரே ஒரு தடவைம்மா.”

“எந்தத் தடவை பிரேக் போகும்னு அந்த இரும்பு நமக்குச் சொல்லிட்டா போகும்? சரிவுல நாலு இடத்துல நிறுத்தணும்.”

“நீ ஒண்ணு புரிஞ்சுக்கணும். பள்ளிக்கூடமே சொந்தமா பஸ் விடப் போகுதுன்னு பேச்சு இருக்கு. ஒரு நாள் வரலைன்னா, அதுவும் பிரேக் இல்லைன்னு தெரிஞ்சா, நாளைக்கே எல்லாப் பிள்ளைங்களும் அதுக்குப் போயிடுவாங்க. அப்புறம் மேலயும் கீழயும் அடுப்பு எரியாது. பதினாறு வருஷம், ஒரு கீறல் கிடையாது இந்த வண்டிக்கு. ஊருல எனக்குன்னு இருக்கிறது அந்தப் பேர் ஒண்ணுதான்.”

பயந்து போயிருந்தார் பாவம். அதை அவள் பார்த்தாள். பார்த்தும் இரங்கவில்லை. “அந்தப் பேர் இருக்கணும்னுதான் மாமா முடியாதுங்கிறேன்” என்றாள்.

“நீ ஓட்ட வேணாம். நான் ஓட்டிக்கிறேன்.”

“கிளட்சே மிதிக்க முடியாது உங்களால.”

“முடியும். டேய், சக்கரத்தை மாட்டுடா.”

மெக்கானிக் அசையவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை, மாட்டவும் போகவில்லை. தூண் மாதிரி நின்றான்.

“சரி, நானே மாட்டிக்கிறேன்” என்று பெரியவர் நொண்டிக்கொண்டே சுவரோரம் போனார்.

அவர் போய்ச் சேர்வதற்குள் டிரைவரக்கா சக்கரத்தைக் கீழே படுக்கப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டாள்.

“எழுந்திரும்மா.”

“மாட்டேன்.”

“இதென்ன பழக்கம்? எழுந்திரு.”

“எழுந்திரிக்க மாட்டேன் மாமா. வேணும்னா என்னையும் சேர்த்து மாட்டுங்க.”

பெரியவர் கையைப் பிசைந்தார். தம்பி மனைவியைக் கையைப் பிடித்து இழுக்கவா முடியும்? தெருவில் பால் வாங்கிப் போன ஒருத்தி நின்று வேடிக்கை பார்த்தாள். அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. முதல் நிறுத்தத்துப் பையனின் அம்மா.

“ஆமாம்மா… கொஞ்சம் லேட்டு… சின்னப் பஞ்சர்தான்…”

டிரைவரக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி அவர் கையிலிருந்த போனை வாங்கிவிட்டாள். அப்படி ஒரு காரியத்தை அந்த வீட்டில் யாரும் செய்ததில்லை.

“நான்தாங்க டிரைவர் பேசுறேன். பஞ்சர் இல்ல. பிரேக் பேடு தேஞ்சு போச்சு. பேடு மாத்துற வரைக்கும் வண்டி எடுக்கமாட்டேன். இன்னைக்கு நீங்கதான் கொண்டுபோய் விடணும்.”

அந்தப் பக்கம் கத்துவது மூன்று பேருக்கும் கேட்டது. எனக்கு ஆபீஸ் இருக்கு, கடைசி நிமிஷத்துல சொன்னா எப்படி, இவ்வளவு நாள் பிரேக் இல்லாமத்தான் என் பிள்ளையைக் கூட்டிட்டுப் போனியா, இன்னைக்கு மட்டும் மெதுவா ஓட்டிட்டு வந்தா என்ன. எல்லாம் ஒரே மூச்சில்.

“இவ்வளவு நாள் ஓட்டினது தப்புதாங்க. எனக்குத் தெரியல. நேத்துதான் தெரிஞ்சுது. தெரிஞ்சப்புறம் ஓட்டினா அது வெறும் தப்பு இல்ல, அதுக்கும் மேல. திட்டணும்னா திட்டுங்க, கேட்டுக்கிறேன். வண்டி வராது.”

வைத்துவிட்டு, அடுத்த எண்ணை அவளே போட்டாள். ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னாள். ஒருவர் நன்றி சொன்னார். ஒருவர் இனிமேல் வரவே வேண்டாம் என்றார். “சரிங்க” என்றாள். ஒருத்தி, “பேடுன்னா என்னக்கா?” என்று கேட்டாள், அவளுக்கு நிதானமாக விளக்கினாள். பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்து, நெற்றியில் கை வைத்துக்கொண்டு, தன் பதினாறு வருஷம் போன் போனாகப் போய்க்கொண்டிருப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பெரியவரின் மனைவி, வீட்டு மருமகள்களில் மூத்தவள், குட்டியைச் சீருடையும் பையுமாக அழைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். பெரியவர் நிமிர்ந்தார். “நீயாவது சொல்லு இவகிட்ட. பிடிவாதம் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. குட்டியை முன்னாடி உக்கார வச்சு நானே ஓட்டுறேங்கிறேன். என் பிள்ளை மேல எனக்கு அக்கறை இருக்காதா?”

மூத்தவள் கணவனுக்கும் பதில் சொல்லவில்லை, டிரைவரக்காவையும் கேட்கவில்லை. மைத்துனனிடம் போனாள்.

“தம்பி, நீங்க மெக்கானிக். நீங்க சொல்லுங்க. இந்த வண்டியில குட்டியை அனுப்பலாமா?”

மெக்கானிக் அண்ணனைப் பார்த்தான். பிறகு குட்டியின் தோளில் தொங்கிய பையைப் பார்த்தான்.

“வேணாம் அண்ணி” என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பவும் சொன்னான். “அனுப்பாதீங்க. மூணு வாரமாவே அனுப்பியிருக்கக் கூடாது. எனக்குத் தெரியும். நான்தான் சொல்லல.”

மூத்தவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். வேறு பெண்ணாக இருந்தால் கையில் இருந்ததை வீசியிருப்பாள். அவள் மகள் பக்கம் திரும்பி, “பையைக் கழட்டு” என்றாள். கழற்றியதை வாங்கி டிரைவரக்காவின் பக்கத்தில், அந்தச் சக்கரத்தின் மேலேயே வைத்தாள். “நகராதே, அப்படியே உக்காந்திரு. டீ கொண்டுவரேன்” என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

பெரியவர் யாரையும் பார்க்காமல், “லீவுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கேடா” என்று மட்டும் சொன்னார். வாதம் செய்வதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. இத்தனை வருஷம் சரியாக இருந்த ஒன்று இப்போது எப்படிச் சரியில்லாமல் போயிற்று என்று அவருக்கே விளங்காமல் சொன்னார்.

மெக்கானிக் வேனைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனான். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு, நட்டுகளின் மேல் இருந்த மூடியைப் பிடுங்கினான்.

“அங்க எதுக்குடா போறே? அந்தப் பக்கம் நல்லாத்தானே இருக்கு?”

“ரெண்டு பக்கமும் சேர்த்துத்தாண்ணே மாத்தணும். இடதை மட்டும் மாத்தினா வண்டி இழுக்கும். டிஸ்க்கையும் மாத்தணும். ரெண்டு பின்னையும் கழட்டித் துரு எடுக்கணும். இன்னைக்கு முழுக்க வேலை இருக்கு.” ஒரு நொடி நிறுத்திவிட்டுச் சேர்த்துக்கொண்டான். “சாயங்கால டிரிப்பும் கிடையாதுண்ணே. அவங்களுக்கும் சொல்லிடுங்க.”

அண்ணனிடம் அவன் இப்படி நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி யாரும் கேட்டதில்லை. குட்டிகூட அவனைத் திரும்பிப் பார்த்தது. பெரியவர் டிரைவரக்காவிடம் போனுக்காகக் கையை நீட்டினார். அவள் கொடுத்தாள். சாயங்காலத்துக்கு யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று அவர் எண்களைத் தேட ஆரம்பித்தார்.

மெக்கானிக் எழுந்து வந்து மனைவியின் முன்னால் நின்றான். அவள் மடியில் இருந்ததைக் கண்ணால் காட்டினான்.

“அந்த ஸ்பேனரைக் குடு.”

அவள் உடனே கொடுக்கவில்லை. அவன் முகத்தை நன்றாகப் பார்த்தாள். அவன் தலையைக் குனியாமல் நின்றான். பிறகு ஸ்பேனரை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

“ஸ்பேனரை மட்டும்தான் குடுத்திருக்கேன். மன்னிப்பெல்லாம் இன்னும் குடுக்கல, தெரிஞ்சுக்கோ.”

“தெரியும்” என்றான் அவன். வலது பக்கம் போய் முதல் நட்டில் ஸ்பேனரை மாட்டி, அவள் செய்த மாதிரியே அதன் மேல் ஏறி நின்றான்.